நாற்பதுக்கு மேல் வெல்டிங் வராதாம்! யார் சொன்னது?

"நாற்பது தாண்டியவனுக்கு வெல்டிங் வராது. கை நடுங்கும், கண் மங்கும். ராடு பிடிப்பது வாலிபன் வேலை." காண்டிராக்டர்கள் இப்படிச் சொல்கிறார்கள். மேஸ்திரிகள் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு நம் தோழர்களிலும் பலர் இதை நம்பத் தொடங்கிவிட்டார்கள். இது பொய். வெறும் பொய்கூட அல்ல, ஒருவன் பைக்கு லாபம் சேர்க்கும் பொய்.

இன்று இந்தத் தொழிலைத் தேடி வருகிறவர்கள் யார்? 2020 மார்ச் ஊரடங்கில் தேசிய பஞ்சாலைக் கழக மில்களின் சங்கு நின்றதே, அந்த வாசலிலிருந்து வெளியே வந்தவர்கள். அறுவடை யந்திரம் வயலில் இறங்கிய பிறகு அரிவாளை இறவாணத்தில் செருகிவிட்ட விவசாயத் தொழிலாளிகள். யாரும் பொழுது போகாமல் வரவில்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். கேட், கிரில், தகரக் கொட்டகை, டிராக்டரின் கேஜ் வீல், டிரெய்லர் கொக்கி என்று ஊருக்கு ஊர் வேலை கிடக்கிறது. நம் அறுப்புக் கூலியைப் பறித்த அதே யந்திரம் சேற்றில் முறிந்து நிற்கும்போது அதை ஒட்டவும் ஒரு கை வேண்டும். அந்தக் கை ஏன் நம்முடையதாக இருக்கக் கூடாது?

வயது வயது என்கிறார்களே, இவர்களுக்கு எவ்கேனி பாட்டன் என்ற பெயர் தெரியுமா? 1870-ல் பிறந்தவர். உக்ரைனின் கீவ் நகரில் பாலம் கட்டும் எஞ்சினீயர். வாழ்நாளெல்லாம் ரிவெட் அடித்த பாலங்களையே வடிவமைத்தவர். 1920-களின் கடைசியில், அறுபதை நெருங்கும் வயதில், மின்சாரப் பற்றவைப்பின் பக்கம் திரும்பினார். 1934-ல், 64-வது வயதில், கீவில் மின் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். இரண்டாம் உலக யுத்தத்தில் சோவியத் டி-34 டாங்கிகளின் உடலை யந்திரத்தால் பற்றவைத்தது அவர் குழு வகுத்த முறைதான். டினீப்பர் நதியின் மேல் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு முழுவதும் பற்றவைத்தே கட்டிய பாலம் 1953-ல் திறக்கப்பட்டது. அவர் அதே ஆண்டில், பாலம் திறப்பதற்குச் சில மாதம் முன்பு காலமானார். "அவர் பேராசிரியர் ஐயா, நாம் கூலிக்காரர்" என்று ஒருவர் கேட்கக் கூடும். நியாயமான கேள்விதான். அவருக்கு ஆராய்ச்சிக் கூடம் இருந்தது. நமக்கு வேப்ப மரத்தடி கூட இல்லை. ஆனால் அறுபதில் புதுத் தொழில் மூளைக்கு ஏறும் என்பது பேராசிரியருக்கு ஒன்று, கூலிக்காரனுக்கு ஒன்று என்று மாறாது.

கை வராதாம்! ஸ்பின்னிங்கில் சைடு பார்த்த கை, ஓடுகிற கதிரில் அறுந்த இழையைக் கண் மூடித் திறப்பதற்குள் ஒட்டிய கை. நாற்று நட்ட கை, கயிறு பிடிக்காமலே வரிசை பிசகாமல் நட்ட கை. ராடைப் பிடிப்பதும் இதே ஜாதி வேலைதான். ராடு நுனிக்கும் இரும்புக்கும் நடுவே ராடின் கம்பி கனம் அளவுக்கே இடைவெளி. கொஞ்சம் சாய்த்து, உருகிய குட்டையைப் பார்த்துக் கொண்டே, அவசரப்படாமல் இழுக்க வேண்டும். எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிகிற சத்தம் ஒரே சீராகக் கேட்டால் சரி. சத்தம் தெறித்தால் ராடு தூரம் போய்விட்டது. ஒட்டிக் கொண்டால் கிட்டே வந்துவிட்டது, அல்லது கரண்டு போதவில்லை. பழைய தகடு ஒன்றில் தினம் இருபது ராடு இப்படிக் கோடு போட்டுப் பழகினால் கை தானே படியும். முதலில் தரையில் கிடத்தி, பிறகு மூலை, பிறகு நிமிர்த்தி. தலைக்கு மேல் பற்றவைப்பது கடைசிப் பாடம்.

கற்றது சரியா என்று மேஸ்திரியைக் கேட்கவும் வேண்டாம். இரண்டு தகட்டை T போல வைத்து ஒரு பக்கம் மட்டும் பற்றவைத்து, சம்மட்டியால் மடக்கி உடைத்துப் பாருங்கள். உள்ளே கசடும் பொத்தலும் இருந்தால் மறுபடி பழகுங்கள். மேலே பளபளப்பாக இருந்து உள்ளே ஒட்டாத வேலைதான் நாளைக்கு ஒருவன் தலையில் விழும்.

கண் விஷயத்தில் ஓர் உண்மை இருக்கிறது. அதை மறைத்துத்தான் நம்மை ஏய்க்கிறார்கள். நாற்பதுக்கு மேல் பெரும்பாலோருக்கு வெள்ளெழுத்து வரும். கிட்டத்தில் இருப்பது மசமசக்கும். உருகிய குட்டை தெரியாததால் கோடு கோணுகிறது. அதைப் பார்த்து மேஸ்திரி, "கிழவனுக்குக் கை வரவில்லை" என்கிறான். கையில் குற்றமில்லை! படிக்கப் போடும் சாதாரணக் கண்ணாடியை ஷீல்டுக்குள் போட்டுக் கொண்டால் பாதிக் கோணல் அன்றைக்கே நிமிரும். இவ்வளவு சின்ன விஷயத்தை எத்தனை பேர் நமக்குச் சொன்னார்கள்?

சொல்ல மாட்டார்கள். ஹெல்ப்பர் என்றைக்கும் ஹெல்ப்பராகவே இருந்தால்தான் அவர்களுக்கு ஆதாயம். ஆங்கிள் தூக்கு, கிரைண்டிங் பிடி, டீ வாங்கி வா. ஆனால் ஹோல்டரைத் தொடாதே! பத்து வருஷம் பட்டறையில் நின்றவர் கூலி வாங்கும்போது ஹெல்ப்பர், வேலை நெருக்கும் நாளில் மட்டும் வெல்டர். ராத்திரியோடு ராத்திரியாக அவரையே பற்றவைக்கச் சொல்லிவிட்டு, சனிக்கிழமை ஹெல்ப்பர் சம்பளத்தை எண்ணிக் கொடுக்கிறார்கள். அப்போது மட்டும் வயது குறுக்கே நிற்பதில்லை, பாருங்கள்!

சர்க்காரின் ஐ.டி.ஐ.க்களில் வெல்டர் பிரிவு ஒரு வருஷப் படிப்பு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். தமிழ்நாட்டில் அண்மை ஆண்டுகளின் சேர்க்கை அறிவிப்புகள் ஆண்களுக்கு 40 வயது என்று உச்ச வரம்பு வைத்திருக்கின்றன. பெண்களுக்கு உச்ச வரம்பு இல்லை. இது நல்ல விதி; நடவுக்குப் போகும் நம் சகோதரிகள் எத்தனை பேருக்கு இது தெரியும்? சங்கக் கிளைகள் வீடு வீடாகச் சொல்ல வேண்டிய செய்தி இது. ஆனால் மில் மூடி 45 வயதில் தெருவில் நிற்பவனுக்கு ஏன் கதவடைப்பு? அஞ்சாம் வகுப்போடு மாடு மேய்க்கப் போனவன் என்ன பாவம் செய்தான்? சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூட்டிக் கிடக்கும் அதே பட்டறையை, அதே யந்திரங்களை, வயது வரம்பில்லாமல் மாலை வகுப்புக்குத் திறந்து விட என்ன தடை? வாத்தியாருக்குச் சம்பளமும், ராடும், பழைய இரும்பும்தானே செலவு!

இனி யந்திரம் வாங்கும் கதைக்கு வருவோம். தொழில் கற்பதற்கு முன்பே யந்திரத்தை விற்க ஓடி வருகிறார்கள், தவணைச் சீட்டும் கையுமாக. முதலில் கற்றுக் கொள்ளுங்கள், வாடகைக்கோ இரவலுக்கோ எடுத்துப் பழகுங்கள், பிறகு வாங்கலாம்.

பழைய பட்டறைகளில் இருக்கும் டிரான்ஸ்பார்மர் செட் கனமானது, உறுதியானது. சுருள் எரிந்தால் உள்ளூர் வைண்டிங் கடையிலேயே சுற்றி விடலாம். ஆனால் பலவற்றுக்கு இரண்டு பேஸ், 415 வோல்ட் வேண்டும். குடிசையில் அது ஏது? இன்வெர்ட்டர் செட் ஒற்றைக் கையால் தூக்கும் எடை, 230 வோல்ட்டில் ஓடும். நம்மவருக்கு முதல் யந்திரமாக அதுதான் ஒத்து வரும். கையில் காசு குறைவாக இருக்கும்போது மிக், டிக் என்று ஆசை காட்டுவதற்கு மயங்க வேண்டாம். ராடு போதும்.

மோசடி எங்கே? மூடியின் மேல் ஒட்டிய கொட்டை எழுத்தில்! 250, 300 என்று ஆம்பியரை அச்சடித்து ஒட்டுகிறார்கள். ஸ்டிக்கரைப் பார்க்காதீர்கள், பின்புறத் தகட்டில் டியூட்டி சைக்கிள் எவ்வளவு என்று பாருங்கள். 200 ஆம்பியருக்கு 60 சதவீதம் என்றால், அந்தக் கரண்டில் பத்து நிமிஷத்துக்கு ஆறு நிமிஷம் பற்றவைத்து நாலு நிமிஷம் ஆற விட வேண்டும் என்று அர்த்தம். நிறுத்தாமல் ஓட்ட வேண்டுமானால் ஏறக்குறைய 155 ஆம்பியர்தான். தகடே இல்லாத யந்திரத்தை இனாமாகக் கொடுத்தாலும் யோசியுங்கள். நமக்கு எவ்வளவு தேவை? கடையில் 12 கேஜ் என்று கேட்கும் 2.5 மில்லிமீட்டர் ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியர், 3.15 மில்லிமீட்டருக்கு 90 முதல் 130. கேட், கிரிலுக்கு இவை இரண்டும் போதும். ஆகவே நிஜமான 160 அல்லது 200 ஆம்பியர் செட், பக்கத்து டவுனில் ரிப்பேருக்கு ஆள் உள்ள கம்பெனி, இதுதான் கணக்கு. கிராமத்தில் வோல்டேஜ் இறங்கும். எவ்வளவு இறங்கினாலும் ஓடும் என்பதைக் கேட்டே வாங்குங்கள். கிரைண்டிங் தூளை அந்த மின்விசிறி உறிஞ்சினால் உள்ளே போர்டு போய்விடும்; தள்ளி வையுங்கள்.

200 ஆம்பியரை முழுக்க இழுத்தால் வீட்டுப் பிளக் தாங்காது, ஒயர் உருகும். பம்பு செட் லைனில் கொக்கி போட வேண்டாம். விவசாய இணைப்பை வேறு காரியத்துக்குத் திருப்பினால் 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவு இரட்டைக் கட்டணம் போடும். பெரிய பண்ணைக்காரன் தப்புவான், நாம் மாட்டுவோம்.

கூலிங் கிளாஸ் போட்டுக் கொண்டு பற்றவைப்பதை வீரம் என்று நினைக்கும் வாலிபர்களும் இருக்கிறார்கள். அந்த வெளிச்சம் உடனே வலிக்காது; நடு ராத்திரியில் கண்ணில் மணல் கொட்டியது போல அறுக்கும். ஷீல்டில் 10 அல்லது 11-ம் நம்பர் கறுப்புக் கண்ணாடி வேண்டும். ஈரத் தரையில் வெறுங்காலோடு ராடு மாற்றினால், பற்றவைக்காமல் நிற்கும்போதே ஹோல்டரில் இருக்கும் 60, 80 வோல்ட் ஆளைக் கொல்லப் போதும். நாகப் பூச்சுப் பைப்பைப் பற்றவைத்தால் வெள்ளைப் புகை கிளம்பும்; அதை மூச்சில் வாங்கியவருக்கு அன்று ராத்திரியே குளிர் காய்ச்சல். பற்றவைப்புப் புகையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2017-ல் தீர்மானித்துவிட்டது. மூடிய தகரக் கொட்டகையில், ஒரு விசிறி கூட இல்லாமல் வேலை வாங்குகிற முதலாளிக்கு இந்தச் செய்தியை யார் சொல்வது? ஷீல்டு, தோல் கையுறை, ஷூ, காற்றோட்டம் நான்கும் அவன் செலவு. கூலி பேசும் முதல் நாளே, ராடைத் தொடுவதற்கு முன், இதையும் சேர்த்துப் பேசி முடியுங்கள்.