99.9 சதவீதம் செத்த பிறகு

எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் இரண்டு பொருள்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று, முந்தின நாள் அரைத்து வைத்த இட்லி மாவு. இன்னொன்று, 99.9 சதவீதக் கிருமிகளைக் கொல்வதாகச் சத்தியம் செய்யும் பாட்டில். கிருமி என்றாலே நோய், எவ்வளவு கொல்கிறோமோ அவ்வளவு ஆரோக்கியம் என்கிறது பாட்டில். அதை நம்பினால் மாவைச் சாக்கடையில்தான் கொட்ட வேண்டும்.

முதலில் மாவையே பார்ப்போம். ராத்திரி பாதிப் பாத்திரம் இருந்தது காலையில் மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கரண்டியை விட்டால் உள்ளே பொத்தல் பொத்தலாகக் காற்று. ஊதியது லூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியா. அது உளுந்தோடு வீட்டுக்கு வருகிறது. ஊறும்போதே பெருகத் தொடங்கி, மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று, லாக்டிக் அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் விடுகிறது. அந்த வாயுவை உளுந்தின் வழவழப்பு பிடித்து வைத்துக்கொள்கிறது. மாவு பொங்குவது இந்தப் பாக்டீரியாவால்தான் என்று 1965-லேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். (கைவிட்டுக் கரைத்தால்தான் புளிக்கும் என்பார்கள், கரண்டியால் கலக்கினாலும் பொங்கத்தான் செய்கிறது. வெக்கைதான் முக்கியம். மார்கழியில் மாவு சண்டித்தனம் செய்வது அதனால்தான்.) அமிலம் ஏற ஏற, உணவைக் கெடுக்கும் பல பாக்டீரியாக்களுக்கு அங்கே பிழைப்பில்லை. கிருமியை விரட்டும் வேலையையும் இங்கே கிருமியே பார்க்கிறது.

அடுத்து அந்த 99.9. பத்து லட்சம் பாக்டீரியா இருந்த இடத்தில் 99.9 சதவீதம் செத்தால் மிச்சம் ஆயிரம். ஈ.கோலை போன்ற பாக்டீரியா சாப்பாடும் சூடும் தோதாகக் கிடைத்தால் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். ஆயிரம் பத்து முறை இரட்டித்தால் மறுபடி பத்து லட்சம். மூன்றே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அடுக்களையில் எல்லா நேரமும் அவ்வளவு தோதாக அமையாது என்பது உண்மைதான். ஆனாலும் பாத்திரம் தேய்க்கும் ஈர ஸ்பாஞ்சை ஒரு நாள் முழுக்க அப்படியே போட்டுவிட்டு, மேடையில் மட்டும் மருந்து தெளிப்பது வீண்செலவு.

‘ஆன்டிபாக்டீரியல்’ என்று எழுதிய சோப்பு உசத்தி என்பதும் நிற்கவில்லை. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016 செப்டம்பரில் டிரைக்ளோசான் உட்பட 19 ரசாயனங்களை, வீட்டு உபயோகத்துக்கான இத்தகைய சோப்புகளில் சேர்க்கக் கூடாது என்றது. சாதாரண சோப்பையும் தண்ணீரையும்விட இவை மேல் என்பதைத் தயாரிப்பாளர்களால் நிரூபிக்க முடியவில்லை.

வயிற்றுக்கு வருவோம். தாய்ப்பாலில் உள்ள சிலவகைச் சர்க்கரைகளைக் குழந்தையால் செரிக்க முடியாது. பிறகு எதற்கு அவை? குழந்தையின் குடலில் வாழும் பிஃபிடோபாக்டீரியாவுக்கு அவைதான் சாப்பாடு. கிருமி எல்லாமே எதிரி என்றால் தாயின் உடம்பு ஏன் அதற்கும் சேர்த்துப் பந்தி வைக்கிறது?

சளிக்கு மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குபவர்களுக்கு இன்னொன்று. சளி வைரஸால் வருவது. அந்த மாத்திரை அதைத் தொடாது. குடலில் சும்மா இருந்ததுதான் சாகும். காலியான அந்த இடத்தில் சி.டிஃபிசில் என்ற பாக்டீரியா குடியேறினால் ஓயாத வயிற்றுப்போக்கு. அது திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு நெதர்லாந்து மருத்துவர்கள் ஆரோக்கியமானவரின் மலத்தைக் கரைத்துக் குழாய் வழியே செலுத்திப் பார்த்தார்கள். முகம் சுளிக்க வேண்டாம். 16 பேரில் 15 பேர் குணமானார்கள். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை மட்டும் சாப்பிட்ட 13 பேரில் 4 பேர்தான். 2013-இல் வெளியான முடிவு இது.

அப்படியானால் கை கழுவ வேண்டாமா என்று கேட்பார்கள். கட்டாயம் கழுவ வேண்டும். டைஃபாய்டும் காலராவும் பொய்யில்லை. கழிவறைக்குப் போய்வந்த பிறகும் சமைப்பதற்கு முன்பும் சாதாரண சோப்பால் இருபது விநாடி தேய்த்துக் கழுவினால் போதும். பாட்டிலையும் நான் தூக்கிப் போடவில்லை. மேடையிலிருந்து எடுத்துக் கழிவறை அலமாரியில் வைத்திருக்கிறேன்.