ஒரு ஆணி அடிக்க எடம் கேட்டேன்

மஞ்சள் வெட்டி, வேக வெச்சு, களத்துல காயப் போட்டாச்சு. அதான் ரெண்டு வாரமா இந்தப் பக்கம் வர முடியல. இன்னைக்கு வெள்ளாமை பத்தி எழுதப் போறதில்லை. வீட்டுச் செவுரு பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல கிடக்கு.

பழைய ஓட்டு வீட்டைப் பிரிச்சுட்டு அதே எடத்துல புது வீடு கட்டினோம். ஆவணியில பால் காய்ச்சினோம். பணத்துல பாதிக்கு மேல எம்மவன் போட்டது. பிளானும் அவன் பார்த்துப் பார்த்துப் போட்டது. வெள்ளைச் செவுரு, சாம்பல் கலர் டைல்ஸ், நீளமா ஒரு சோபா, வேற ஒண்ணும் கிடையாது. பால் காய்ச்சின அன்னைக்கே ஒரே ஒரு கண்டிஷன் சொன்னான்: "அப்பா, செவுத்துல மட்டும் ஆணி அடிச்சுராதீங்க."

சரின்னு சொல்லிட்டேன். சொன்னதுக்கு அப்புறந்தான் தெரிஞ்சுது, எங்கப்பா படத்துக்கு எடம் இல்லைன்னு.

பழைய வீட்டுல ஆசாரத்துக்குள்ள நுழைஞ்சா நேர் எதிர்க்க அப்பா படம். சந்தன மாலை, கீழ சின்னதா ஒரு சிவப்பு பல்பு. எங்கம்மா தினமும் குளிச்சுட்டு வந்து அதுக்கு ஒரு பூ வைப்பாங்க. புது வீட்டுல படத்தைத் துண்டுல சுத்தி வார்ட்ரோப்ல வெச்சிருந்தோம். ஆறு மாசமா அம்மா காலையில அந்தக் கதவைத் திறப்பாங்க, பூவை வைப்பாங்க, மூடுவாங்க. யாரையும் ஒரு வார்த்தை கேக்கலை.

எம்மவனைக் குத்தம் சொல்றதுக்காக இதை எழுதலைங்க. பெங்களூர்ல பத்துக்குப் பத்து ரூமுல அஞ்சு வருசம் இருந்தவன். நாள் பூரா கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு வந்தா கண்ணுக்கு எதுவும் படக்கூடாதுன்னு தோணுதாம். அதுல ஒரு நியாயம் இருக்குது. நானே உச்சி வெயில்ல தோட்டத்துல இருந்து வந்து அந்த வெறும் செவுத்தைப் பார்த்தா கொஞ்சம் குளுமையாத்தான் இருக்கு.

எனக்குப் பிடிச்சது நிறைஞ்ச வீடு. எங்க பழைய வீட்டுல ஷோகேஸ் ஒண்ணு இருந்துச்சு. தலையாட்டி பொம்மை, பிளாஸ்டிக் ரோசாப்பூ, கல்யாணத்துல வந்த கடிகாரம் நாலு (ஓடினது ஒண்ணுதான்), எம்மனைவி பாசிமணியில கோத்த அன்னம், ஒயர்ல பின்னின கூடை, டிவிக்குத் துணி உறை. வர்றவங்க எல்லாம் ஒரு நிமிசம் நின்னு பார்த்துட்டுத்தான் உக்காருவாங்க. அதெல்லாம் அட்டைப்பெட்டியில போனப்ப நான் எம்மனைவி பக்கம் பார்த்தேன். அவங்க என் கட்சியில இருப்பாங்கன்னு நெனச்சேன்.

"ஏனுங்க, அந்தப் பெட்டியைத் தொறந்தீங்கன்னா பாருங்க. செஞ்சதும் நான், இருவத்தஞ்சு வருசமா தொடச்சதும் நான். உங்களுக்குப் பாக்க மட்டும் அழகா இருந்துச்சு."

அதுக்கு மேல நான் வாயைத் தொறக்கல. புது சமையக்கட்டு மேடையை ஒரு துணி போட்டு ஒரே இழுப்புல தொடைச்சுட்டு அவங்க வெளிய வர்ற வேகத்தைப் பார்த்தா, பொம்மை பத்திப் பேச எனக்கு யோக்கியதை இல்லைன்னு தெரியுது. வீடு நிறைஞ்சு இருக்கணும்னு ஆசைப்படற ஆம்பளைங்க எத்தனை பேர் ஒட்டடைக் குச்சியைக் கையில எடுத்திருக்கோம்?

இன்னொண்ணும் யோசிச்சேன். "பழைய காலத்து வீடு மாதிரி வருமா"ன்னு நாம பெருமையாப் பேசறமே, எங்கப்பாரு (அப்பாவோட அப்பா) காலத்துல வீடு எப்படி இருந்துச்சு? கயித்துக் கட்டில் ஒண்ணு. பவானி ஜமக்காளம் ரெண்டு. அடுக்குப் பானை, உறி, துணி போட ஒரு கொடி, விளக்கு வைக்க மாடம். எரவாணத்துல சொருகின அருவா. அவ்வளவுதான். எம்மவன் வீட்டை விட அது வெறும் வீடு. சாமி படமே நம்ம செவுத்துக்குப் பரவலா வந்தது, 1894ல ரவி வர்மா பம்பாயில அச்சகம் ஆரம்பிச்சு, அப்புறம் சிவகாசிக் காலண்டரும் வந்து சேர்ந்த பின்னாடிதான். ஷோகேஸ் எல்லாம் எங்கப்பா கையில நாலு மஞ்சள் காசு வந்த காலத்துச் சமாச்சாரம். அதை நான் பரம்பரை வழக்கம்னு நெனச்சுட்டு இருந்திருக்கேன்.

அப்படின்னா எம்மவன் பாட்டன் வீட்டுக்குத்தான் திரும்பிப் போயிருக்கானா? இல்லைங்க. இங்கதான் எனக்கு அவனோட ஒத்துப் போகல.

அப்பாரு வீட்டுல பொருளே கம்மி. இருந்த பத்துப் பொருளும் கைக்கு எட்டுற எடத்துல, கண்ணுக்கு முன்னாடி இருந்துச்சு. எம்மவன் வீட்டுல பொருள் அப்பா காலத்தை விட மூணு பங்கு. அத்தனையும் தரையில இருந்து மேக்கூரை வரைக்கும் அடிச்ச பிளைவுட் கதவுக்குப் பின்னால. அந்தக் கதவுக்கு ஆன செலவுல ஒரு போர் போட்டிருக்கலாம். கரையான் இருக்கற காட்டுல பிளைவுட்டு! போன மாசம் கீழ்த்தட்டுல மண்ணுக் கோடு ஏறிடுச்சு, மருந்து அடிச்சோம். ஹால்ல ஜிப்சம் போர்டு போட்டு விளக்கு வெச்சிருக்கோம். அதுக்கு மேல ராத்திரி எலி ஓடுது. ஏசி பைப் ஓட்டை வழியா போயிருச்சாட்டம் இருக்கு. ஓட்டு வீட்டுலயும் எலி இருந்துச்சு, ஆனா எங்க இருக்குதுன்னு தெரியும்.

லாரி பேக்கர்னு ஒரு கட்டடக்காரர். 1917ல இங்கிலாந்துல பொறந்து, நம்ம பக்கத்துக் கேரளாவுல வாழ்ந்து, 2007ல திருவனந்தபுரத்துல காலமானவர். செங்கல்லுக்கு மேல பூச்சே பூசாம விட்டுருவார். காத்து வர்றதுக்குச் செங்கல்லையே சல்லடை மாதிரி அடுக்குவார். அஞ்சு மைல் சுத்தளவுல கிடைக்கிற பொருளை வெச்சு வீடு கட்டணும்னு காந்தி சொன்னதை மனசுல வாங்கினவர். அந்த வீடும் வெறும் வீடுதான். ஆனா வேண்டாததை விட்டதால செலவு குறைஞ்ச வெறும் வீடு. நம்மது மூடி மறைக்கறதுக்காகச் செலவு பண்ணின வெறும் வீடு. ரெண்டும் ஒண்ணு இல்லைன்னு மவன்கிட்டயே சொன்னேன். சிரிச்சான், மறுத்துப் பேசல.

காலண்டர் விசயத்துலதான் நான் சண்டையே போட்டேன். உரக்கடையில குடுக்கற மாசக் காலண்டர். கூடவே கயித்துல கட்டின பேனா. மாட்டுக்குச் சினை ஊசி போட்ட தேதிக்கு வட்டம், பால் ஊத்தின லிட்டர், ஆளு வந்த கணக்கு, கரண்ட் பில்லு எல்லாம் அதுலதான். மவன் "போன்ல ஏத்தித் தர்றேன்பா"ன்னு ஏத்தியும் குடுத்தான். மாடு திரும்பப் பருவத்துக்கு வருதான்னு இருவத்தோராம் நாள் பாக்கணும். போன் சரியாத்தான் அடிச்சிருக்கு, நான் அதை மோட்டார் ரூமுல வெச்சுட்டு மடை திருப்பிட்டு இருந்தேன். வீட்டுல இருந்த ரெண்டு பொம்பளைங்களுக்கும் தேதி தெரியாது. செவுத்துல இருந்திருந்தா பால்காரர் கூடச் சொல்லியிருப்பார். அன்னைக்கே சமையக்கட்டுக் கதவுக்குப் பின்னால காலண்டரை மாட்டிட்டேன். கதவுல ஆணி அடிக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே.

பொங்கலுக்கு முதநா காப்புக் கட்டணும். பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூணையும் சேர்த்து எரவாணத்துல சொருகுவோம். கட்டை வீட்டுல எரவாணம் ஏது? கொத்தைக் கையில வெச்சுக்கிட்டு வீட்டைச் சுத்திச் சுத்தி வந்தேன். சொருக ஒரு சந்து இல்ல. மொழுமொழுன்னு இருக்கு. கடைசியில எம்மவனே ஏணி போட்டு ஏறி, வாசல் கேமராவைப் பிடிச்சிருக்கற கம்பியில கட்டிட்டு இறங்கினான். இப்பவும் அது அங்க காஞ்சு தொங்குது. கேமராவுல பாதி படம் பூளைப்பூதான் தெரியுது.

போன வாரம் அவங்க ரெண்டு பேரும் ஊருக்கு வந்திருந்தப்ப, காலையில அம்மா வார்ட்ரோப் கதவைத் திறந்து பூ வெச்சதை மருமக பார்த்திருக்கா. எங்கிட்ட வந்து, "மாமா, ஆசாரத்துல எந்த எடம்னு காட்டுங்க"ன்னா. மவனே டிரில் மிசினை எடுத்துட்டு வந்து ஓட்டை போட்டு மாட்டினான். டேப்பு புடிச்சு, மட்டம் பார்த்து, நட்ட நடுவுல. பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு.

அம்மா பூவோட வந்து நின்னாங்க. கை எட்டல.

"கீழ எறக்கு கண்ணு"ன்னாங்க. ஒன்றரை அடி கீழ இன்னொரு ஓட்டை போட்டான். மேல இருந்த மொதல் ஓட்டையை வெள்ளை சிமெண்ட் வெச்சு அடைச்சிருக்கான். காலையில வெயில் அந்தப் பக்கம் விழுந்தா இன்னும் தெரியுது.