கோமுகியின் மீன்களும் தூண்டிற்காரரும்

மீனைப் பற்றி எழுதப் போகிறோம் என்று தெரிந்தவுடனே மரக்கறி உண்ணும் நேயர்கள் சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும். அவசரப்பட வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறோம். குழம்பைப் பற்றி இங்கே ஒரு வார்த்தையும் வராது. ஒரு சிறிய நீர்நிலையில் எந்த மீன் எதனால் இருக்கிறது, எதனால் இல்லாமற் போகிறது என்பதே இன்றைய விஷயம். விடுமுறைக்கு ஊருக்குப் போன பையன் மூங்கிற் கழியும் நரம்புமாகக் கரையில் போய் உட்கார்ந்தால், மாலையில் வெறுங் கையுடன் திரும்புவானா, கூடையுடன் திரும்புவானா என்ற கேள்விக்கும் அதிலேயே விடை இருக்கிறது.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கச்சிராயபாளையத்தைத் தாண்டியதும் கல்வராயன் மலை நீல மதில்போல் எழுந்து நிற்கும். அதன் அடிவாரத்தில் இருக்கிறது கோமுகி அணை. 1960-களில் கட்டப்பட்டது. உயரம் 46 அடி. நிரம்பினால் ஏறக்குறைய 56 கோடி கன அடி ஜலம் நிற்கும். எண்ணைக் கண்டு பிரமிக்க வேண்டாம். மேட்டூரின் கொள்ளளவு 9,347 கோடி கன அடி. நூற்றறுபது கோமுகிகளை மேட்டூர் ஒரே மடக்கில் விழுங்கிவிடும். ஆகவே இதை அணை என்று சொல்வதைவிட மலையடியில் அமைந்த ஒரு பெரிய ஏரி என்று நினைத்துக்கொள்வதே, மீன் விஷயத்தைப் பொறுத்தவரை, பொருத்தமாகும். மலையில் மழை பெய்தால் ஏறுகிறது. வயலுக்குத் திறந்துவிட்டால் இறங்குகிறது. ஏறுவதும் இறங்குவதுந்தான் அதன் ஜீவிதம். அதற்குள் வாழும் மீன்களின் ஜீவிதமும் அதுவே.

தூண்டில் போடுவது துரைமார்கள் நமக்குக் கற்றுக்கொடுத்த வினோதம் என்று படித்தவர்களிற் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். சென்னை ராஜதானியில் சிவில் உத்தியோகம் பார்த்த எச். எஸ். தாமஸ் என்பவர் இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி 1873-ஆம் ஆண்டிலும், ஏரி குளங்களில் போடுவதைப் பற்றித் தனியாக 1887-ஆம் ஆண்டிலும் புஸ்தகங்கள் எழுதினார். சிரத்தையுள்ள மனிதர் என்பதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் அவருக்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு மேல் முன்பே, கல்யாணியிலிருந்து ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் தன் ‘மானசோல்லாசம்’ என்ற வடமொழி நூலில் ‘மத்ஸ்ய வினோதம்’ என்று ஒரு பகுதியே ஒதுக்கி, மீன்களின் வகைகளையும், எந்த மீனுக்கு என்ன இரை என்பதையும், தூண்டில் அமைக்கும் விதத்தையும் எழுதி வைத்துவிட்டான். அரசனுக்கே அவ்வளவு தெரிந்திருந்ததென்றால், கரையில் குந்தியிருந்த செம்படவனுக்கு எவ்வளவு தெரிந்திருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

துரைமார்களுக்கு இந்நாட்டு ஆற்று மீன்களில் சிலவற்றின்மேல் உண்மையான மோகம் இருந்தது. எனினும் மலைக்குப் போனவுடனே சொந்த ஊர் ஞாபகம் வந்துவிடும். நீலகிரியின் ஓடைகளில் ‘டிரவுட்’ என்னும் சீமை மீனைக் கொண்டுவந்து விட 1860-களில் பிரான்சிஸ் டே முயன்று பார்த்தார், பலிக்கவில்லை. சுமார் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு எச். சி. வில்ஸன் என்பவர் ஒருவாறு நிலைநாட்டினார். கல்வராயன் மலைக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. அவ்வளவு குளிர் இல்லாதது இந்த மலையின் அதிர்ஷ்டம் என்றே நாம் எண்ணுகிறோம்.

கோமுகி போன்ற நீர்நிலையில் இருக்கும் மீன்களைக் குடித்தனக்காரர், விருந்தாளி, அழையாமல் வந்து திண்ணையைப் பிடித்துக்கொண்டவர் என்று பிரித்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும்.

விருந்தாளிகள் கட்லா, ரோகு, மிர்கால் முதலிய பெருங் கெண்டைகள். வடக்கே கங்கைச் சமவெளியில் பேர்பெற்றவை. இவை தேங்கிய ஜலத்தில் நன்றாகத் தின்னும், கொழுக்கும், பல சேர் எடைக்கு வளரும். ஆனால் குஞ்சு பொரிக்கா. முட்டையிட இவற்றுக்கு மழைக்காலத்துப் புது வெள்ளமும், ஓடுகிற ஆறும், நீர் பரந்த கரையும் வேண்டும். முற்காலத்தில் ஆறுகளில் வெள்ளத்தோடு வரும் குஞ்சுகளை வலையிட்டுச் சேர்த்துக் கொண்டுபோய்க் குளங்களில் விடுவார்கள். அதில் எது கெண்டை, எது கெண்டையைத் தின்னும் மீன் என்று யாருக்கும் தெரியாது. 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி கட்டாக்கில் ஹீராலால் சௌதுரி என்ற விஞ்ஞானி, மீனின் தலைக்குள் இருக்கும் ஒரு சிறு சுரப்பியின் சாரத்தை ஊசியால் செலுத்தி, தேங்கிய ஜலத்திலேயே கெண்டைகளை முட்டையிடச் செய்தார். அந்தத் தேதியை இன்றும் தேசம் மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறது. இந்நாட்டில் இந்நாட்டார் செய்த காரியங்களில், பத்திரிகைகள் அதிகம் பாராட்டாமல் விட்டுவிட்ட பெரிய காரியம் இது. இன்று நம் அணைகளில் விடப்படும் கெண்டைக் குஞ்சுகள் அந்த ஊசியின் சந்ததிகளே. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. விருந்தாளியை ஒவ்வோர் ஆண்டும் அழைத்தாக வேண்டும். குஞ்சு விடாத ஆண்டுக்கு அடுத்த ஆண்டில் கட்லாவை எதிர்பார்த்துக் கழி தூக்குவது, விதைக்காத வயலுக்கு அரிவாள் எடுத்துப் போவது போலத்தான்.

குடித்தனக்காரர் யார்? விரால், குரவை, கெளுத்தி, ஆரால், சிறு கெண்டைகள், அயிரை. ஏரியும் குளமும் வற்றும், மறுபடி நிரம்பும் என்பதை ஆதியிலிருந்தே தெரிந்துகொண்டு பிறந்தவை இவை. விராலும் குரவையும் ஜலத்திலிருக்கும் காற்றை மட்டும் நம்பியிருப்பவை அல்ல. மேலே வந்து வாயால் காற்றை விழுங்கவும் கற்றவை. குட்டை சேறாகும் வரையில் அதில் படுத்துக் கிடந்து, மழை வந்ததும் எழுந்து போகும். அயிரை மணலுக்குள் புதைந்துகொள்ளும். ஓடைகளில் எஞ்சும் மடுக்களே இவற்றுக்குக் கோடைக்கால வீடு.

விராலின் குடும்ப தர்மத்தைச் சற்று விவரித்துச் சொல்லத் தோன்றுகிறது. மழை பிடித்ததும் ஆணும் பெண்ணுமாகக் கரையோரத்துப் பூண்டுகளை விலக்கி வட்டமாக ஓர் இடம் செய்துகொள்ளும். முட்டைகள் அடியில் படிவதில்லை. அந்த வட்டத்திற்குள் மேலே மிதக்கும். இரண்டொரு நாளில் குஞ்சு பொரித்துவிடும். அதன்பின் சில வாரங்கள் தாயும் தந்தையும் குஞ்சுக் கூட்டத்தின் அடியிலேயே நின்று காவல் காக்கும். குஞ்சுகள் செம்மஞ்சள் நிறம். ஆயிரக்கணக்கில் ஒன்றுசேர்ந்து ஜலத்தின்மேல் கொப்புளிக்கும்போது யாரோ குங்குமத்தைக் கரைத்துவிட்டாற்போல் இருக்கும். அந்தச் சமயத்தில் எந்தப் பிராணி கிட்டே வந்தாலும் பெற்றோர் பாய்ந்து தாக்கும்; தவளையைக் கோத்து அங்கே எறிந்தால் பசியில்லாவிட்டாலும் கோபத்தினால் கௌவிவிடும். இது தூண்டிற்காரருக்கெல்லாம் தெரியும். தெரிந்து அப்படிப் பிடிப்பவரும் உண்டு. கிடைப்பது ஒரு மீன். காவல் போனபின் கெளுத்தியும் கெண்டையும் தவளையும் கொக்கும் சேர்ந்து முடித்துவிடும் குஞ்சுகளை எண்ணினால், ஒரு மீனுக்காக ஒரு குடும்பத்தையே அழித்த கணக்காகிறது. தெலுங்கானா மாநிலம் இந்த விராலைத் தன் மாநில மீனாகவே வைத்திருக்கிறது. நம்முடைய ஏரிகளில் அதற்கு அந்த மரியாதை இல்லாவிட்டாலும் பிள்ளை வளர்க்கும் சில வாரங்களுக்காவது அபயம் கொடுக்கலாம்.

இனி, அழையாதவர்கள். ஆப்பிரிக்காவின் தென்கிழக்குப் பகுதிக்கு உரிய ‘திலாப்பியா’ 1952-ஆம் ஆண்டில் இந்தியாவுக்குள் வந்தது. சர்க்கார் நல்லெண்ணத்துடனேயே வரவழைத்தார்கள். ஏழைகளுக்கு மலிவாக மீன் கிடைக்கும் என்பது யோசனை. நம் ஜனங்கள் அதற்கு ஜிலேபி மீன் என்று இனிய நாமம் சூட்டிவிட்டார்கள். தாய் மீன் முட்டைகளை வாய்க்குள்ளேயே வைத்துக் காத்துக் குஞ்சாக்கும். பிறந்த சில மாதங்களிலேயே தானும் தாயாகிவிடும். விளைவு என்னவென்றால், தேங்கிய ஜலத்தில் கூட்டம் பெருகி, இரை போதாமல், எல்லாம் உள்ளங்கை அளவிலேயே நின்றுவிடுகின்றன. நம் சிறு கெண்டைகளுக்கு உரிய இரையும் இடமும் அவற்றுக்குப் போய்ச் சேருகின்றன. இதைவிடப் பொல்லாதது ஆப்பிரிக்கக் கெளுத்தி. கண்டதைத் தின்னும், காற்றையும் விழுங்கும், வெள்ளம் வந்தால் பண்ணைக் குட்டையிலிருந்து ஏரிக்கும் ஆற்றுக்கும் குடிபோகும். அதை வளர்க்கக்கூடாதென்று மத்திய சர்க்கார் 2000-ஆம் ஆண்டில் தடை விதித்தார்கள். தடைக்குப் பின்னும் அது குட்டைகளில் வளர்க்கப்பட்டுச் சந்தையில் விலைபோனது என்பது, நம் நாட்டில் தடைகள் நடந்துகொள்ளும் விதத்தை அறிந்தவர்களுக்கு ஆச்சரியமளிக்காது.

துணிக்கு சுதேசி வேண்டுமென்று ராட்டை சுற்றினோம். மீனுக்கும் சுதேசி வேண்டுமா என்று ஒருவர் நகைக்கலாம். இதற்குப் பதில் சொல்வது சுலபமல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கோயமுத்தூர் ஜில்லாவில் ஆழியாறு அணையில் மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் ஒரு பரீட்சை செய்தார்கள். மெதுவாக வளரும் உள்ளூர்க் கெண்டைகளை விடுவதை நிறுத்தி, பெருங் கெண்டைகளை மட்டும், அதுவும் நாலு அங்குலம் வளர்ந்த குஞ்சுகளாக, குறைவான எண்ணிக்கையில் விட்டார்கள். வலையின் கண்ணுக்கு அளவு வைத்தார்கள். ஒரு கிலோவுக்குக் குறைந்த பெருங் கெண்டையைப் பிடிக்கலாகாதென்றார்கள். விளைச்சல் பல மடங்கு பெருகியது. கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இது மறுக்க முடியாத வெற்றி. வலைக்காரருக்கும் நல்ல காலம். ஆனால் இந்த வெற்றி முழுவதும் குஞ்சு விடுகிற கையை நம்பியிருக்கிறது. ஓர் ஆண்டு பணம் ஒதுக்காவிட்டால், ஓர் ஆண்டு மழை பொய்த்தால், அந்த ஜலத்தில் தானாக என்ன மிஞ்சும்? குடித்தனக்காரரைக் காலி செய்துவிட்டு விருந்தாளிக்கு மட்டும் வீடு கட்டுவது விவேகமாகாது என்பது நம் அபிப்பிராயம். ஆழியாற்றிலிருந்து கோமுகிக்குக் கடன் வாங்க வேண்டியது குஞ்சின் அளவையும் வலைக்கண்ணின் அளவையுமே.

கோமுகியில் உண்மையான ஆபத்துக் காலம் பங்குனி, சித்திரை, வைகாசி. நெல்லுக்கும் கரும்புக்கும் ஜலம் போய், அணையின் நடுவே ஒரு தட்டுப்போல் மிச்சம் நிற்கும். ஏரி முழுவதும் பரந்திருந்த மீன்கள் அனைத்தும் அந்தத் தட்டுக்குள் நெருங்கி நிற்கும். அப்போது சிறு கண் வலையை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். அடுத்த ஆண்டு முட்டையிட வேண்டிய தலைமுறை கரையேறிவிடும். பாண்டிநாட்டிலும் புதுக்கோட்டைச் சீமையிலும் கோடையில் கண்மாயை ஊரார் கூடி ஒரே நாளில் அழிக்கும் மீன்பிடித் திருவிழா உண்டே என்று கேட்கலாம். அது வேறு. அங்கே கண்மாய் எப்படியும் வற்றப் போகிறது. மீனை விற்பதில்லை, வீடுதோறும் சமைத்துவிடுவார்கள். ஊத்தாவுக்குத் தப்பிய விராலும் குரவையும் சேற்றில் படுத்திருக்கும். வற்றாமல் மிஞ்சக்கூடிய அணை ஜலத்திற்கு அந்த நியாயத்தைக் கொண்டுவருவது பொருந்தாது.

அணையிலும் ஏரியிலும் மீன் பிடிக்கும் உரிமை பெரும்பாலும் குத்தகைக்குப் போய்விடுவதால் இன்னொரு சங்கடம் உண்டு. குத்தகை எடுத்தவருக்கு வருஷக் கணக்கு. மீனுக்கோ தலைமுறைக் கணக்கு. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்பவர் அந்தக் கூலிக்காரர். மாலையில் மண்புழுவைக் கோத்துக் கெளுத்தி இரண்டு பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகிறவர். கட்லா குத்தகைக்காரர் பணத்தில் விட்ட குஞ்சாக இருக்கலாம். அதை அவர் காப்பது நியாயந்தான். கெளுத்தியையும் அயிரையையும் யாரும் விடவில்லை, மலை ஓடைதான் விட்டது. அவற்றைக் கைத்தூண்டிலால் பிடிக்கிற ஏழையைத் துரத்துவதில் என்ன தர்மம் இருக்கிறதென்று நமக்கு விளங்கவில்லை. குத்தகைப் பத்திரத்தில் இதற்கு ஒரு வரி சேர்த்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

மலை ஓடைகளில் வெடி போடுவதும், ஜலத்தில் விஷம் கலப்பதும் 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்தின்படியே குற்றம். வெள்ளைக்காரன் போட்ட சட்டங்களில் நாம் மனமுவந்து வைத்துக்கொள்ளக்கூடிய சிலவற்றுள் அது ஒன்று. மேலே ஒரு மடுவில் வெடித்தால் கீழே அணைக்கு வர வேண்டிய விதை மீன் அங்கேயே செத்து மிதக்கும்.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு கரைக்குப் போகிறவர் முதலில் அனுமதி கேட்டுக்கொள்ளட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மலையிலிருந்து செந்நீர் இறங்கும்போது பெருங் கெண்டைக்குத் தூண்டில் போடுவது வீண். கலங்கல் வாய்க்காலோரத்தில் மண்புழுவுக்குக் கெளுத்தி வரும், முள் குத்தாமல் கழற்றத் தெரிந்திருக்க வேண்டும். தை, மாசியில் ஜலம் தெளிந்து நிற்கும். அதுவே நல்ல பருவம். கட்லாவின் வாய் மேல்நோக்கி அமைந்தது, மேல்மட்டத்தில் மேய்வது. அதற்கு இரையைத் தரையில் கிடத்தாமல் தக்கைக்குக் கீழே தொங்கவிட வேண்டும். ரோகு நடுமட்டத்திலும், மிர்கால் அடியிலும் மேயும். இரண்டும் மாவு உருண்டைக்கு மசியும், பொறுமைதான் வேண்டும். புழுக்கமான இரவு கழிந்த விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தால் பசி என்று எண்ணிவிடக்கூடாது. ஜலத்தில் பிராணவாயு குறைந்து மூச்சுக்குத் திணறுகின்றன, இரையைத் தொடமாட்டா. வெயில் ஏறும் வரையில் காத்திருக்கலாம். ஜிலேபி எந்தப் பருவத்திலும் கிடைக்கும். பையன்களுக்கு உற்சாகமூட்ட அதுவே போதும், எத்தனை பிடித்தாலும் பாதகமில்லை, பிடித்ததைத் திரும்ப விடவும் வேண்டாம். கரையோரத்துப் பூண்டுக்கு நடுவே அந்தச் செம்மஞ்சள் கொப்புளிப்பைக் கண்டால் மட்டும், கழியைச் சுருட்டிக்கொண்டு ஐம்பது கஜம் தள்ளிப் போய் உட்காருங்கள்.