ஐம்பது வயதில் வழி கண்டவர்

கட்டடக் கலை பயிலும் மாணவர் அனைவரும் லூயி கானின் பெயரை அறிவர். ஐம்பது வயதுவரை அன்னார் புகழத்தக்க கட்டடம் ஒன்றையேனும் எழுப்பியிருக்கவில்லை என்பதை அறிந்தோர் சிலரே.

1901ஆம் ஆண்டு எஸ்தோனியாவில் ஏழை யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் தணல் பட்டு வெந்த முகத்தில் அத்தழும்பு ஆயுள் முழுவதும் நிலைத்தது. 1906இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிற் குடியேறிய பின்னரும் வறுமை நீங்கவில்லை. ஊமைப் படமாளிகைகளிற் பியானோ வாசித்துப் பொருளீட்டினார். ஓவியராக விரும்பிய அவரை, பாடசாலையின் இறுதி ஆண்டிற் கேட்ட கட்டடக் கலை வரலாறு வேறு வழிக்குத் திருப்பிவிட்டது.

பென்சில்வேனியா சர்வகலாசாலையில், பிரான்சிலிருந்து வந்த போல் கிறெற் என்னும் ஆசிரியரிடம் பயின்று 1924இற் பட்டம் பெற்றார். அங்கே கற்றது கனத்த சுவரும் ஒழுங்கான அறைகளும் கொண்ட பழைய ஐரோப்பிய முறை. உலகமோ உருக்கையும் கண்ணாடியையும் நாடிக்கொண்டிருந்தது. 1930களின் பொருளாதார மந்தம் வேலையையும் பறித்தது. மனைவியின் சம்பளமே குடும்பத்தைத் தாங்கிற்று. கானோ வேலையற்ற சக கலைஞர்களைக் கூட்டி, ஏழைகளின் குடியிருப்புகளைப்பற்றி ஆராய்ந்தார். அக்காலத்தை வீண்காலம் என்று நாம் சொல்லமாட்டோம்.

1950இல் றோமுக்குச் சென்றவர், அங்கிருந்து எகிப்து, கிரேக்க தேசங்களையும் கண்டார். இடிந்த சுவர்களையும் பிரமிட்டுகளையும் வரைந்து வரைந்து பார்த்தார். பழமை என்று உலகம் ஒதுக்கிய இளமைக் கல்விக்கு அங்கேதான் பொருள் விளங்கியது போலும்! 1953இல் யேல் சர்வகலாசாலையின் கலைக்கூடம் நிறைவெய்த, அவர் பெயர் பரவியது.

கலிபோர்னியாவில் 1965இல் எழுந்த சோல்க் ஆராய்ச்சி நிலையம் அவருடைய சிறந்த ஆக்கங்களுள் ஒன்று. கொங்கிறீற்றால் ஆன இரு கட்டடத் தொகுதிகளுக்கு இடையே வெறும் கல் முற்றம். அதன் நடுவே பசிபிக் சமுத்திரத்தை நோக்கி ஓடும் மெல்லிய நீர்க்கால். முற்றத்திலே மரம் நடவே கான் எண்ணியிருந்தார். மெக்சிக்கோவின் கட்டடக் கலைஞர் லூயிஸ் பராகான் வந்து பார்த்து, ஒரு மரமும் வேண்டாம் என்றார். புகழின் உச்சியிலிருந்த கான் அதற்கு இணங்கினார். படத்திற் கண்டபோது, நிழலில்லாத அம்முற்றம் எமக்கு முதலிற் குறையாகவே பட்டது. வானமும் கடலும் அதனுள் வந்து நிற்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

1974 மார்ச்சில் இந்தியாவிலிருந்து திரும்பும் வழியில், நியூயோர்க் புகையிரத நிலையமொன்றில் மாரடைப்பால் இறந்தார். இரண்டு நாட் கழித்தே வீட்டாருக்குச் செய்தி எட்டியது. பெருங்கடனும் இருந்தது. அவர் திட்டமிட்ட டாக்கா பாராளுமன்றக் கட்டடம், 1971ஆம் ஆண்டுப் போரால் தடைப்பட்டு, 1982இலேயே நிறைவெய்தியது.