இருளரின் பானையும் ஃபேஜ் வைரஸும்

மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில், இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்டுப் பிழைப்பிழந்த இருளர்களுக்காக, ராமுலஸ் விட்டேகரின் முன்முயற்சியில் 1978இல் உருவானது. செங்கல்பட்டு வட்டாரத்து வயல்களிலும் புதர்களிலும் பிடிபடும் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை மண்பானைகளில் வைத்து, சிலமுறை நஞ்செடுத்தபின் மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இந்நாட்டின் நஞ்சுமுறி மருந்தில் பெரும்பகுதி இந்த நஞ்சிலிருந்தே பிறக்கிறது.

மருந்து செய்யும் முறையோ நூறாண்டு கடந்தது. குதிரைக்குச் சிறுகச் சிறுக நஞ்சேற்றி, அதன் குருதியில் விளையும் எதிர்ப்புரதங்களைப் பிரித்தெடுக்கிறார்கள். உயிர் காக்கும் மருந்துதான். ஆனால் வேற்று விலங்கின் புரதமாதலால் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தருகிறது.

ஃபேஜ் டிஸ்ப்ளே என்னும் முறை இதற்கு மாற்றாகப் பேசப்படுகிறது. ஃபேஜ் என்பது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். ஒரு புரதத்தின் மரபணுவை அதனுள் சேர்த்தால், அப்புரதம் வைரஸின் மேலுறையில் வெளிப்படும் என்று ஜார்ஜ் ஸ்மித் 1985இல் காட்டினார். வெளியே புரதம், உள்ளே அதன் செய்முறை! இப்படிக் கோடிக்கணக்கான எதிர்ப்புரத வகைகளைத் தாங்கிய வைரஸ்களை, நஞ்சுப் புரதம் பூசிய பரப்பில் ஊற்றிக் கழுவினால், நஞ்சைப் பற்றிக்கொண்டவை மட்டும் எஞ்சும். அவற்றைப் பாக்டீரியாவில் பெருக்கி மறுபடியும் சலிப்பார்கள். ஸ்மித்தும், இவ்வழியில் மருந்துகளுக்கான எதிர்ப்புரதங்களை உருவாக்கிய கிரெகரி வின்டரும் 2018 நோபல் பரிசைப் பகிர்ந்தவர்கள். ஆப்பிரிக்கப் பாம்புகளின் நஞ்சுக்கு எதிராக இதே முறையில் தேர்ந்த எட்டு நுண்புரதங்களின் கலவையை டென்மார்க் ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்டார்கள். அது இன்னும் விலங்குச் சோதனை அளவிலேயே இருக்கிறது.

இனிக் குதிரையும் வேண்டாம், இருளரும் வேண்டாம் என்று முடிவுகட்டுவது எனக்கு உடன்பாடில்லை. சலிப்பதற்குத் தூண்டில் இரை வேண்டும். அந்த இரை நஞ்சுதான். கண்ணாடி விரியனின் நஞ்சு ஊருக்கு ஊர் மாறுபடுகிறது. தமிழகத்து நஞ்சைக்கொண்டு செய்த மருந்து நாட்டின் வேறு சில பகுதிகளில் போதிய பலன் தருவதில்லை என்று இந்திய ஆய்வுகளே சொல்கின்றன. 2000 முதல் 2019 வரை இங்கே பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 லட்சம் என்பது ஓர் ஆய்வின் மதிப்பீடு. பெரும்பாலோர் கிராமத்தார். அவர்களைக் காக்கும் புதுமருந்துக்கு ஒவ்வொரு வட்டாரத்து நஞ்சும் தேவை. தடம் பார்த்துப் பாம்பைக் கண்டுபிடிக்கும் அறிவு ஆய்வகத்தில் விளைவதன்று.

இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது, மகிழ்ச்சி. ஆனால் விருது வேறு, உரிமை வேறு. உயிர்வளத்தால் வரும் பயனைப் பகிர்ந்துகொள்ள 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் வழிசெய்கிறது. நாளை இந்த நஞ்சைக்கொண்டு தேர்ந்த எதிர்ப்புரதத்துக்கு ஒரு நிறுவனம் காப்புரிமை பெறுமானால், கூட்டுறவுச் சங்கத்தின் பங்கு அந்த ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். கிராமுக்கு இவ்வளவு என்று நஞ்சுக்கு விலை கொடுத்ததோடு கணக்குத் தீர்ந்தது என்று சொல்ல விடக்கூடாது.