வரியைக் குறைப்பேன் என்றார் வேட்பாளர்!

செம்பாக்கத்தில் வீட்டு வரி கட்டும் காலம் வந்துவிட்டால் தெருவில் வேறு பேச்சு இராது. போன தடவை எவ்வளவு, இந்தத் தடவை எவ்வளவு என்று வாசலில் நின்றபடியே கணக்குப் பார்ப்பார்கள்.

செம்பாக்கம் முன்பு தனி நகராட்சி. 2021-ல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் நகராட்சிகளோடும் சில பேரூராட்சிகளோடும் அதைச் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். 2022 பிப்ரவரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஏப்ரலில் தமிழ்நாடு முழுவதும் சொத்து வரி உயர்ந்தது. டீக்கடைப் பெஞ்சில் அப்போது எழுந்த பேச்சைச் சொல்ல வேண்டுமா?

அந்தப் பேச்சின் நடுவில் ஒருவர் எழுந்து, "எனக்கு ஓட்டுப் போடுங்கள். வரியைப் பாதியாகக் குறைக்கிறேன்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? கை தட்டாதவர் யார்? "குடிதண்ணீருக்கும் தெரு விளக்குக்கும் குப்பை வண்டிக்கும் பணம் எங்கிருந்து வரும், ஐயா?" என்று கேட்க ஒருவர், இருவர் இருப்பார்கள். கை தட்டலில் அவர்கள் குரல் அமுங்கிப் போகும்.

இது வெறும் கற்பனை அல்ல. ராமேசுவரத்துக்கு அக்கரையில் இருக்கும் இலங்கையில் இதுதான் நடந்தது.

இரண்டு அடி ஓட்டுச்சீட்டு

2019 நவம்பர் 16-ந் தேதி இலங்கையில் ஜனாதிபதி தேர்தல். நம் நாட்டில் ஜனாதிபதியை எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே ஜனங்களே நேராக ஓட்டுப் போடுகிறார்கள். பதவிக்கு அதிகாரமும் அதிகம். அந்தத் தடவை 35 பேர் நின்றார்கள். ஓட்டுச்சீட்டின் நீளம் இரண்டு அடிக்கு மேல்!

ஆனால் உண்மையான போட்டி இரண்டே பேருக்குள்தான். ஒருவர் கோத்தபய ராஜபக்சே. மற்றவர் சஜித் பிரேமதாசா.

கோத்தபயாவின் தகுதி பற்றித்தான் முதலில் சண்டை மூண்டது. அவர் ராணுவ அதிகாரியாக இருந்தவர். பிறகு அமெரிக்காவில் குடியேறி, அந்த நாட்டுப் பிரஜை ஆனார். அண்ணன் மகிந்த ராஜபக்சே 2005-ல் ஜனாதிபதி ஆனதும் ஊர் திரும்பி, பாதுகாப்புச் செயலாளர் நாற்காலியில் அமர்ந்தார். 2009-ல் முள்ளிவாய்க்காலில் யுத்தம் முடிந்தபோது அந்த நாற்காலியில் இருந்தவர் அவர்தான். அதற்கு முன் எந்தத் தேர்தலிலும் நின்று ஜெயித்தவர் அல்ல.

இரண்டு நாட்டுக் குடியுரிமை உள்ளவர் ஜனாதிபதி ஆகக்கூடாது என்று 2015-ல் அங்கே சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். அமெரிக்கக் குடியுரிமையை விட்டுவிட்டதாக அவர் சொன்னார். அவர் இலங்கைப் பிரஜையே அல்ல என்று எதிர்த்தரப்பினர் கோர்ட்டுக்குப் போனார்கள். 2019 அக்டோபரில் வழக்குத் தள்ளுபடி ஆயிற்று.

கோர்ட்டு பார்ப்பது காகிதத் தகுதியைத்தான். ஒரு நாட்டின் வரவு செலவை நடத்தத் தெரிந்தவரா என்று பார்க்க வேண்டியது ஓட்டுப் போடுகிறவர். அந்தக் கேள்வி அங்கே போதுமான அளவுக்கு எழவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

பயத்தின் நிழல்

அதே ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி, ஈஸ்டர் பண்டிகையன்று, இலங்கையில் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 250-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நாடே நடுங்கியது. முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. அந்தப் பயத்தின் நடுவில், 'பாதுகாப்பு' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு கோத்தபய ஊர் ஊராகப் போனார். சிங்கள மக்களில் பலர் அதை நம்பினார்கள். தமிழர்களும் முஸ்லிம்களும் அஞ்சினார்கள்.

ஓட்டு இனவாரியாகப் பிரிந்து விழுந்தது. மொத்தத்தில் கோத்தபயாவுக்கு நூற்றுக்கு 52. யாழ்ப்பாண மாவட்டத்தில் அவருக்கு நூற்றுக்கு 10 கூட இல்லை. அங்கே சஜித்துக்கு 80-க்கு மேல்.

அவர் பதவி ஏற்ற இடமும் கவனிக்கத்தக்கது. அனுராதபுரத்தில் உள்ள ருவன்வெலிசாய என்ற தூபி அது. தமிழ் மன்னன் எல்லாளனை வென்ற துட்டகைமுனு கட்டியது என்று மகாவம்சம் கூறும். சிங்களப் பெரும்பான்மையின் ஓட்டாலேயே ஜெயிக்க முடியும் என்று தமக்கு முன்பே தெரியும் என்று அங்கே பேசினார். தமிழரும் முஸ்லிம்களும் தாம் எதிர்பார்த்தபடி வரவில்லை என்றும் சொன்னார். எல்லோருக்கும் ஜனாதிபதியாக இருப்பதாகவும் அதே பேச்சில் சொன்னார். முன் சொன்னது காதில் விழுந்தவர்களுக்குப் பின் சொன்னது எப்படி ஆறுதல் தரும்?

100 ரூபாய்க்கு 15 ரூபாய்

இனப் பேச்சின் இரைச்சலில் வரிப் பேச்சு அடிபட்டுப் போயிற்று. விஷயமோ அங்கேதான் இருந்தது.

கடையில் 100 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் 15 ரூபாய் வரி. இது அப்போதைய இலங்கைக் கணக்கு. இதை 8 ஆக்குவதாகக் கோத்தபய வாக்குறுதி கொடுத்தார். இன்னும் சில வரிகளை அடியோடு எடுத்துவிடுவதாகவும் சொன்னார்.

வரி குறைந்தால் வியாபாரம் பெருகும், வியாபாரம் பெருகினால் சர்க்காருக்கு வரவும் தானே பெருகும் என்பது அவர் பக்கத்து வாதம். இது முட்டாள்தனமான வாதம் அல்ல. சில நாடுகளில், சில காலங்களில் பலித்தும் இருக்கிறது. ஆனால் இலங்கை கழுத்தளவு கடனில் இருந்த நாடு. வெளிநாட்டுக்கு வட்டி கட்டியாக வேண்டும். கடன்காரர் வாசலில் நிற்கும்போது, சம்பளத்தில் பாதி வேண்டாம் என்று குடும்பத் தலைவர் சொன்னால் வீட்டு அம்மாள் என்ன சொல்வார்?

அந்த அம்மாளின் கேள்வியை அப்போதைய நிதி மந்திரி மங்கள சமரவீரா கேட்டார். இந்த வாக்குறுதிகளை நிறைவேற்றினால் நாடு திவாலாகும், வெனிசுவேலா போல, கிரீஸ் போல ஆகிவிடும் என்று தேர்தலுக்கு முன்பே எச்சரித்தார். எதிர்க்கட்சிக்காரர் சொல்வதுதானே என்று பலர் தள்ளிவிட்டார்கள். அவர் 2021-ல் கொரோனா நோயால் காலமானார். தம் எச்சரிக்கை முழுவதும் பலித்ததைப் பார்க்க அவர் இல்லை.

கோத்தபய சொன்னதைச் செய்தார். அது மறுக்க முடியாதது. பதவி ஏற்ற பத்து நாளுக்குள் உத்தரவு வந்தது. 15 என்பது 8 ஆயிற்று. மாதம் இரண்டரை லட்சம் ரூபாய் வரை சம்பாதிப்பவருக்கு வருமான வரி இல்லை என்று ஆயிற்று.

நுவரெலியாவில் தேயிலை பறிக்கும் தமிழ்ப் பெண்ணுக்கு அப்போது நாள் அடிப்படைக் கூலி 700 ரூபாய். அவர் வருமான வரி கட்டியதே இல்லை. அந்தச் சலுகையில் அவருக்கு என்ன கிடைத்திருக்கும்? வரியைக் குறைப்பேன் என்று ஒருவர் சொன்னால், யாருடைய வரி, எந்தச் செலவை நிறுத்திவிட்டு, என்று இரண்டு கேள்வியாவது கேட்டுவிட வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவர் நம் சாதியா, நம் இனமா என்று பார்ப்பதற்கு முன்பு கேட்க வேண்டும்.

அடுப்படிக்கு வந்த கணக்கு

நாட்டின் மொத்த உற்பத்தியில் 100 ரூபாய்க்கு 11 ரூபாய்க்கு மேல் வந்துகொண்டிருந்த வரி வரவு, 2020-ல் சுமார் 8 ரூபாயாகச் சரிந்தது. வெளிநாட்டில் கடன் கொடுப்பவர்கள் கதவைச் சாத்தினார்கள். அதே சமயம் கொரோனா வந்தது. உல்லாசப் பயணிகள் நின்றார்கள். பழி முழுவதையும் வரியின் மேல் போடுவது நியாயம் ஆகாது. 2021-ல் ரசாயன உரத்தைத் திடீரென்று தடை செய்த தவறும் சேர்ந்துகொண்டது. ஆனால் புயல் வருவதற்கு முன்பே கூரையைப் பிரித்து வைத்திருந்தார்கள்.

2022 மார்ச்சில் கேஸ் சிலிண்டருக்கு வரிசை. மண்ணெண்ணெய்க்கு வரிசை. வரிசையில் நின்றே முதியவர்கள் சிலர் உயிர் விட்டார்கள். காகிதம் இல்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளிப் பரீட்சை தள்ளிப்போயிற்று. ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. அந்த இருட்டு சிங்களர் வீடு, தமிழர் வீடு என்று பார்த்து வரவில்லை.

மார்ச் 22-ந் தேதி 16 பேர் இரு கூட்டமாகக் கடல் தாண்டி ராமேசுவரம் பக்கம் வந்து சேர்ந்தார்கள். கைக்குழந்தையும் உண்டு. யுத்தத்துக்குத் தப்பி வந்தவர்களை மண்டபம் முகாம் கண்டிருக்கிறது. இவர்கள் பசிக்குத் தப்பி வந்தவர்கள். ஏப்ரல் 12-ந் தேதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை அறிவித்தது.

அரிசியும் மருந்தும் அனுப்பத் தமிழ்நாடு முன்வந்தது. இலங்கைத் தமிழர்களுக்கு என்றுதான் முதலில் பேச்சு. தமிழருக்கு மட்டும் என்று பிரிக்க வேண்டாம், எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று அங்குள்ள தமிழ்த் தலைவர்களே கேட்டுக்கொண்டார்கள். அப்படியே சட்டசபையில் தீர்மானம் ஆயிற்று. மே 18-ந் தேதி 9,000 டன் அரிசியோடு சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் புறப்பட்டது. அந்த அரிசி சிங்களர் வீட்டிலும் உலையில் ஏறியது.

ஜூலை 9-ந் தேதி ஜனங்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். 13-ந் தேதி கோத்தபய மாலத்தீவுக்கு ஓடினார். மறுநாள் ராஜினாமா. பொருளாதாரத்தைக் கெடுத்ததில் அவருக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் பொறுப்பு உண்டு என்று 2023 நவம்பரில் அந்த நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது.

8 ஆன வரி 2022-லேயே 12 ஆகி, மீண்டும் 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆயிற்று. நுவரெலியாவில் தேயிலை பறிக்கும் பெண் சோப்பு வாங்கும்போது அந்த 18-ஐயும் சேர்த்தே கொடுக்கிறார்.