தொலைநோக்கி மலை ஏற வேண்டும்



கொல்லிமலையின் அடிவாரத்தில் பேளுக்குறிச்சி இருக்கிறது. மலையில் விளைந்த மிளகு அவ்வூர்ச் சந்தைக்கு இறங்கி வருகிறது. அரிசியும் துணியும் பாடப் புத்தகமும் கீழிருந்து மலைக்கு ஏறிப் போகின்றன. தொலைநோக்கி ஏறிப் போவதுண்டா?

நகரத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத இருண்ட வானம் மலையூர்ப் பிள்ளைகளின் தலைக்கு மேலே விரிந்திருக்கிறது. ஆனால் தொலைநோக்கியோ நகரத்துப் பள்ளியின் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. “பெரிய பாரம். 70 கொண்டை ஊசி வளைவுகளில் யார் தூக்கிச் செல்வது?” என்பார்கள். இந்தத் தடையை மாணவர்களாகிய நீங்களே குறைக்க முடியும் என்பது என் கருத்து. அதற்கு முதலில் ஆடியின் எடையைக் குறைக்க வேண்டும்.

எதிரொளிப்புத் தொலைநோக்கியின் உயிர் அதன் குழியாடி. அதன் பரப்பு, இருக்க வேண்டிய வடிவத்திலிருந்து ஒளியின் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் பிசகக் கூடாது. அது தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு! கண்ணாடி தன் எடையாலேயே இந்த அளவுக்கு வளைந்துவிடும். ஆகவே ஆடியின் பருமன் விட்டத்தில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்று முன்னோர் விதி வகுத்தனர்.

விதி நல்லதுதான். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை என்ன? விட்டம் இரு மடங்கானால் பருமனும் இரு மடங்காகும். எடையோ எட்டு மடங்காகும். ஆடி கனத்தால் அதைத் தாங்கும் குழாயும் தாங்கியும் கனக்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. பருமனான கண்ணாடி மெதுவாகவே குளிரும். அது சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருக்கும்வரை அதன் முன்னே காற்று அலைபாயும். விண்மீனின் பிம்பமும் நடுங்கும். அடிவாரத்து வெப்பத்தோடு மலை ஏறும் ஆடிக்கு இது பெரிய இடையூறு.

இரண்டு ஆடிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. 1986-இல் திறந்துவைக்கப்பட்டது. அதன் ஆடியைப் பெங்களூரில் நம்மவர்களே தேய்த்து மெருகேற்றினார்கள். விட்டம் 2.34 மீட்டர், எடை சுமார் மூன்றரை டன். 1990-இல் விண்வெளிக்குச் சென்ற ஹபிள் தொலைநோக்கியின் ஆடி 2.4 மீட்டர் விட்டமுடையது. அதன் எடை சுமார் 830 கிலோதான்! ராக்கெட்டில் ஏற்ற வேண்டியிருந்ததால், இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே கட்டம் கட்டமாகக் கண்ணாடித் தடுப்புகளை வைத்து அதைச் செய்தார்கள்.

உள்ளே வெறுமையாக இருப்பது எப்படி உறுதியாக இருக்கும்? ஓர் அஞ்சலட்டையை இரண்டு புத்தகங்களுக்கு இடையே பாலமாக வையுங்கள். நடுவில் சில நாணயங்களை வைத்ததும் தொய்ந்துவிடும். அதே அட்டையை விசிறிபோல் மடித்து வையுங்கள். இப்போது அதைவிட அதிக நாணயங்களைத் தாங்கும். காகிதம் கூடவில்லை, அது இருக்கும் இடந்தான் மாறியது. மூங்கில் உறுதியாக நிற்பதும் இதனால்தான்.

அமெரிக்காவின் பாலமர் மலையில் உள்ள 200 அங்குல ஆடியை இவ்வாறே முதுகில் விலாக்கள் வைத்து வார்த்தார்கள். 1934 மார்ச்சில் நடந்த முதல் வார்ப்பில், அச்சில் பொருத்தியிருந்த செங்கல் துண்டுகள் பிய்ந்து உருகிய கண்ணாடியில் மிதந்தன. அவர்கள் மனம் தளரவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் மீண்டும் வார்த்து வென்றார்கள்.

மெல்லிய ஆடியைப் பல இடங்களில் தாங்கிப் பிடிப்பது இன்னொரு வழி. உத்தராகண்டில் உள்ள தேவஸ்தலில் 2016-இல் இயங்கத் தொடங்கிய தொலைநோக்கியின் ஆடி 3.6 மீட்டர் அகலமுடையது. பழைய விதிப்படி பருமன் 60 செ.மீ. இருக்க வேண்டும். இருப்பதோ 16.5 செ.மீ.தான்!

இந்த வழி நமக்கும் ஏற்றது. 20 செ.மீ. விட்டமுள்ள ஆடியைப் பழைய விதிப்படி செய்தால் பருமன் 3.3 செ.மீ., எடை சுமார் 2.6 கிலோ. முக்கால் அங்குலக் கண்ணாடியில் செய்தால் எடை ஒன்றரைக் கிலோ. ஆனால் தன் எடையால் மூன்று மடங்கு வளையும். வெறுமனே மெலிதாக்கினால் போதாது. தாங்கும் முறையையும் மாற்ற வேண்டும். மூன்று முக்கோணத் தகடுகளின் முனைகளால் ஆடியை ஒன்பது இடங்களில் தாங்குங்கள். ஒவ்வொரு தகடும் தன் நடுப்புள்ளியில் தாராளமாக அசையட்டும். அப்போது எடை சமமாகப் பங்கிடப்படும்.

“இவ்வளவு பாடு எதற்கு? கடையில் வாங்கலாமே” என்று நீங்கள் கேட்கலாம். வாங்கலாம், தவறில்லை. ஆனால் வாங்கிய பொருள் உடைந்துவிடுமோ என்ற பயம் அதை அலமாரியில் பூட்டுகிறது. தானே செய்தவனுக்கு அந்தப் பயம் இல்லை. பழுதானால் மறுபடி செய்யத் தெரியும். இரண்டு கண்ணாடி வட்டுகளுக்கு இடையே கார்போரண்டம் தூளும் நீரும் இட்டுப் பொறுமையாகத் தேய்த்தால் மேல் வட்டு குழியும். கீழ் வட்டு குவியும். பிறகு கீல் பரப்பில் சீரியம் ஆக்சைடு கொண்டு மெருகேற்ற வேண்டும். அலுமினியப் பூச்சுக்கு மட்டும் வெற்றிடக் கருவி உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும். காவலூரில்கூட 1968-இல் பணியைத் தொடங்கி வைத்தது நம் நாட்டிலேயே செய்த 38 செ.மீ. தொலைநோக்கிதான்.

ஒரே ஓர் எச்சரிக்கை: தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பிப் பார்க்கவே கூடாது.

அடிவாரத்துப் பள்ளியும் மலைமேல் பள்ளியும் கூட்டாக ஓர் ஆடி செய்யட்டும். கீழே தேய்த்த ஆடி, மிளகு இறங்கிய பாதையிலேயே பஸ்ஸில் மலை ஏறட்டும். அன்றிரவு மலையூர்ச் சிறுமி ஒருத்தி சனியின் வளையத்தைத் தன் கண்ணாலேயே பார்த்தால், நீங்கள் தேய்த்த நாட்கள் வீணாகவில்லை.